ஜெட் நானாவும் இத்தாலி அடுப்பும்

உலகத்தில் அடுப்பைப் பற்ற வைத்துப் பெயர் வாங்கியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அடுப்பைப் பற்ற வைக்க விடாமலே பெயர் வாங்கியவர் ஜெட் நானா ஒருவர்தான். அவர் வாயைத் திறந்தால் முதலில் வருவது "பத்த வைக்காதீங்க!" என்ற கட்டளை. சுகமா, பிள்ளைகள் எப்படி என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. மாவனல்லைக்காரர். தெஹியோவிட்ட பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் அறை எடுத்து இருக்கிறார். முஸ்லிம் மனிதர்களை அண்ணன் என்ற உரிமையோடு நானா என்று கூப்பிடுவது இலங்கையில் எங்கள் பக்கத்து வழக்கம். ஜெட் என்பது அவர் தொழில். கேஸ் அடுப்பின் பர்னருக்கு அடியில் சுண்டு விரல் நகமளவு ஒரு பித்தளைத் திருகு இருக்கும். அதன் நடுவில் தையல் ஊசியும் நுழையாத ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் கேஸ் வருகிறது. அதற்குத்தான் ஜெட் என்று பெயர். ஒரு வகைக் கேஸுக்குச் செய்த அடுப்பை இன்னொரு வகைக் கேஸுக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்தத் துளையின் அளவு மாற வேண்டும். மாற்றாமல் பற்ற வைத்தால் ஒன்று அடுப்பு அணைந்து போகும், இல்லாவிட்டால் நம் புருவம் போகும். நானா அறுபது வயது வரை பேசிய பேச்சையெல்லாம் சுருக்கினால் இவ்வளவுதான் தேறும்.

நான் தெஹியோவிட்டயிலிருந்து மேலே ஏறும் ரப்பர் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருக்கிறேன். நானா எங்கள் தோட்டத்துக்குள் வந்தது கேஸ் சிலிண்டர் கண்ணில் படாமல் போன அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில். தோட்டத்து மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு திட்டத்தில் கட்டிக் கொடுத்த சாணி கேஸ் குழி ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்தால் பக்கத்திலிருக்கும் உத்தியோகத்தர்களின் ஸ்டாப் குவாட்டர்ஸ் வீடுகளுக்காவது அடுப்பு எரியும் என்று முடிவாகி, அடுப்புகளை மாற்றுவதற்கு நானாவைக் கூட்டி வந்தார்கள். முதல் வீடு என் வீடு. மனைவி நிர்மலா அடுப்பின் ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றாள்.

"பத்த வைக்காதீங்க!"

வாசலில் ஒரு நெடிய மனிதர். மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் இன்னொரு கண்ணாடி. அந்த இரண்டாவது, மாணிக்கக் கல் வியாபாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி. உள்ளே வந்தார், நிர்மலாவின் கையை அடுப்பிலிருந்து கண்ணாலேயே விலக்கினார், பர்னருக்குக் காது கொடுத்துக் குனிந்தார்.

"டீ குடிக்கிறீங்களா நானா?" என்றாள் நிர்மலா, விறகடுப்பைக் காட்டி.

"இந்த அடுப்புல கொதிச்ச டீ எண்டாத்தான் குடிப்பன் தங்கச்சி. இல்லாட்டி வாணாம்."

மாற்றிய அடுப்பில் கொதித்த தேநீரைத் தவிர வேறு தேநீர் குடிப்பதில்லை என்பது அவர் விரதம். வேலை முடிய மூன்று மணி நேரமாகும். தேநீர் இல்லாத மூன்று மணி நேரத்தில் அவருக்கு ஏறும் கோபம் முழுவதும் அந்த வீட்டு ஆண்பிள்ளை தலையில்தான் இறங்கும். அன்று என்னை டியூப் பிடிக்கச் சொன்னார், பிடித்த விதம் பிழை என்றார், விடச் சொன்னார், விட்ட விதமும் பிழை என்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு திட்டு நான் வாங்கியதில்லை. நிர்மலா கதவு நிலையில் சாய்ந்து நின்று ரசித்துக்கொண்டிருந்தாள்.

சாணி கேஸுக்கு வேகம் குறைவு. அதனால் துளை பெரிதாக வேண்டும். ஆனால் அடுப்போடு வந்த ஜெட்டில் அவர் துளை பெருக்க மாட்டார். வேறு பழைய ஜெட்டுகளைப் பெருக்கி அதை மாட்டுவார். அடுப்போடு வந்ததற்குப் "பொறந்த ஜெட்" என்று பெயர். அதைக் கழற்றித் துடைத்து, கல் வியாபாரிகள் கல்லை மடிப்பது போல வெள்ளைக் கடதாசியில் மடித்து, மேலே வீட்டுக்காரியின் பெயரும் எந்தப் பர்னர் என்பதும் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

"எங்ககிட்ட கொடுத்தா நாங்களே வச்சிக்குவோமே நானா?"

"நீங்க தொலைச்சிப் போடுவீங்க தம்பி. நாளைக்கு நல்ல கேஸ் வரும். அண்டைக்கு இது வேணும். போன எடத்துல இருந்து திரும்பி வாறதுக்கு ஒரு வழி ஈக்கோணும்."

'இருக்க வேண்டும்' என்பது அவர் பேச்சில் 'ஈக்கோணும்'. மாலையில் நீலச் சுவாலை வந்தது. தேநீர் கொதித்தது. குடித்தார், போனார். அவர் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பி மறைந்ததும் நிர்மலா ஒரு காரியம் செய்தாள். புது அடுப்பு ஏற்றினால் முதலில் பால் பொங்க வைக்க வேண்டும் அல்லவா? அதே பட்டியில் கறந்த பாலை வைத்தாள். கேஸும் பாலும் ஒரே மாடு தந்தது என்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. பால் நன்றாகவே பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி, பர்னருக்குள் வழிந்து, நேரே ஜெட்டின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை அடுப்பில் மின்மினி அளவு நெருப்புக்கூட இல்லை.

நானா திரும்பி வந்தார். பர்னரைத் தூக்கினார். மோந்து பார்த்தார்.

"பால்" என்றார்.

"புது அடுப்புங்க நானா. பொங்க வைக்காம எப்படிங்க?"

"அடுப்பு பழசு. நாலு வருஷம் நீங்க ஆக்கின அடுப்பு."

"கேஸ் புதுசு தானுங்களே?"

நானா குந்தி உட்கார்ந்து, ஜெட்டைக் கழற்றிப் பாலைச் சுரண்டி எடுத்தார்.  

அதன் பிறகு எந்த வீட்டில் வேலை முடிந்தாலும், "பால் ஈக்கா?" என்று அவரே கேட்பார். உண்டென்றால் எதிரில் குந்தி உட்கார்ந்து சட்டியை முறைத்துக்கொண்டிருப்பார். நுரை விளிம்புக்கு மேலே தலை காட்டிய உடனே கேஸை நிறுத்தி, துணியால் சட்டியைப் பிடித்துச் சரித்து, ஒரு கோப்பைத் தட்டில் இரண்டு சொட்டு விடுவார். இது பொங்கியதாகுமா ஊற்றியதாகுமா என்று குவாட்டர்ஸ் பெண்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. நுரை விளிம்பைத் தாண்டியதை வீட்டுக்காரி கண்ணால் கண்டால் அது பொங்கியதுதான் என்று கடைசியில் தீர்ப்பானது. அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் ஆக அதிகம் பால் பொங்க வைத்தவர் ஜெட் நானாதான்.

பொறந்த ஜெட்டுகளை அவர் அறையில் வைப்பதில்லை, களவு போய்விடுமாம். எல்லாப் பொட்டலமும் எந்நேரமும் சட்டைப் பையில். இந்தப் பழக்கத்தால் ஒரு நாள் எஹலியகொடயில் மாட்டிக்கொண்டார். பஸ் நிலையத்தில் நின்றவருக்கு ஒரு ஜெட்டின் துளையில் சந்தேகம். பொட்டலத்தைப் பிரித்தார், பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார், ஜெட்டைச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். எஹலியகொட என்ன ஊர்? மாணிக்கக் கல் தோண்டி விற்கிற ஊர். அந்த ஊரில் ஒருவன் கடதாசி மடிப்பைத் திறந்து எதையாவது வெயிலில் பிடித்தால், பஸ் சாரதி கூட இறங்கி வந்து எட்டிப் பார்ப்பான். ஐந்து நிமிஷத்தில் நானாவைச் சுற்றிக் கல் வியாபாரிகள் கூட்டம்.

"எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்க நானா."

"இது விக்கிறதுக்கு இல்ல."

"பார்த்திட்டுத் தாறோம்."

"ஆக்கள்ட சாமான். அமானிதம்."

மற்றவரின் சாமான், நம்பிக் கொடுத்தது, விற்க மாட்டேன் என்று அவர் சொல்லச் சொல்ல, அது பெரிய கல்தான் என்பது அங்கே உறுதியாகிவிட்டது. தள்ளுமுள்ளு ஆனது. பொலீஸ் வந்தது. நானாவும் இருபத்தாறு பொட்டலங்களும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நானா எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதால் தோட்டத்து ஒபிஸுக்குப் போன் வந்து, நான் புறப்பட்டேன்.

சார்ஜன் மேசையில் பொட்டலங்களை வரிசையாக வைத்திருந்தார். தமிழ் நன்றாகவே வாசிப்பார் போலிருக்கிறது.

"நிர்மலா, வலது, பின்" என்று வாசித்தார். "கவுத மே நிர்மலா?"

யார் இந்த நிர்மலா என்று கேட்கிறார். "என் மனைவி, சார்" என்றேன்.

அவர் என்னையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தார். "வலது, பின் என்றால்?"

"சோறு ஆக்கிற பர்னர், சார்."

"சரோஜா, இடது, முன்?"

"அது கறி வைக்கிறது, மாத்தயா" என்றார் நானா, பெருமையோடு.

சார்ஜன் ஒரு ஜெட்டை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். பிறகு, தன் வீட்டிலும் ஒரு பர்னர் மஞ்சளாக எரிகிறது, என்ன காரணம் என்று சிங்களத்தில் விசாரித்தார். நானாவும் சிங்களத்தில், முதலில் அதைப் பற்ற வைக்க வேண்டாம் என்றார். வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால் பொலீஸ் குவாட்டர்ஸுக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போய் டியூப் பிடித்தேன். அங்கேயும் பிடித்த விதம் பிழை.

பிறகு ஒரு நாள் நல்ல கேஸ் வந்தது. லொறி தோட்டத்துச் சந்தியில் நின்றதும் ஜனங்கள் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாட்டிப் பற்ற வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் கீழ் ரோட்டிலிருந்து சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். சாணி கேஸுக்குப் பெருக்கிய துளையில் சிலிண்டர் கேஸ் பாய்ந்தால் சுவாலை கூரைக்குப் போகும் என்பது அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. வீடு வீடாக, "பத்த வைக்காதீங்க! பத்த வைக்காதீங்க!" அன்று மாலைக்குள் எல்லாப் பொறந்த ஜெட்டும் பிறந்த இடத்துக்குத் திரும்பியது. ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் இடம் மாறவில்லை. வலது பின், வலது பின்னுக்கே வந்தது. நாங்கள் அதுவரை அவரைக் கேலி பண்ணியதை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது பிலோமினாவின் கதைக்கு வருகிறேன். ஜெட் நானாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பிலோமினா எங்கள் தோட்டத்து மேல் லயத்துப் பெண். ஒன்பது வருஷம் இத்தாலியில் ஒரு வயோதிப அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மா காலமான பிறகு, வீட்டில் உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று மகன்மார் சொன்னார்களாம். நகை கேட்பாள், உடுப்புக் கேட்பாள் என்று பார்த்திருப்பார்கள். பிலோமினா அடுப்பைக் கேட்டாள். நாலு பர்னரும் கண்ணாடிக் கதவு போட்ட ஓவனும் உள்ள அடுப்பு. கப்பலில் பெட்டி போட்டு அனுப்பி, கூடவே தானும் வந்து சேர்ந்தாள்.

அவள் கணக்கு எளிமையானது. அந்த அடுப்பில் அவள் ஒன்பது வருஷம் கேக்கும், பன் என்கிற பணிசும் சுட்டுப் பழகியிருந்தாள். சந்தித் தேநீர்க் கடை அவள் பணிசை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மாதா கோவில் ஆட்கள் கேக் சொல்லிவிட்டார்கள். ஓவன் எரிந்தால் அவள் இங்கேயே இருந்துவிடலாம். எரியாவிட்டால் திரும்பப் போக வேண்டியதுதான். புருஷன் சவரிமுத்து ரப்பர் பால் வெட்டுகிறவன். எங்கள் பக்கம் பெய்கிற மழைக்குப் பாதி நாள் வெட்டு இல்லை. கொழும்பு ஏஜென்சி இன்னொரு வீட்டை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, நத்தாருக்கு முந்திய சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது.

சவரிமுத்து ஒன்பது வருஷம் தானே ஆக்கித் தின்றவன். அடுப்பு விஷயத்தில் யாரிடமும் கேட்கும் தேவை தனக்கில்லை என்று நினைப்பவன். மனைவி கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சிலிண்டரை மாட்டிப் பற்ற வைத்துவிட்டான். இத்தாலியில் அடுப்புக்குக் கேஸ் தண்ணீர் போலக் குழாயில் வருகிறது. அதற்கென்று செய்த பெரிய துளை. சிலிண்டர் கேஸுக்கு அதைவிடச் சின்னத் துளை வேண்டும்.

"கிளாக்கரையா! கொஞ்சம் வாங்க! நெருப்பு ஆளுயரத்துக்கு நிக்கிது!" என்று என் வீட்டு வாசலில் வந்து கத்தினான். நான் போனபோது நெருப்பு அணைந்திருந்தது. கூரைத் தகரத்தில் ஒரு பெரிய கரிவட்டம். சவரிமுத்துவின் மீசையில் இடது பக்கம் இல்லை.

போன் பண்ணினேன். நானா வந்தார். "யாரு பத்த வச்ச?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவர், மீசையைப் பார்த்ததும் கேள்வியைப் பாதியில் விட்டார்.

நாலு பர்னரும் ஒரே நாளில் சரியாகின. அவரிடமிருந்த சின்னத் துளை ஜெட்டுகளே பொருந்தின. பொறந்த ஜெட்டுகள் வழக்கம்போலப் பொட்டலத்துக்குள் போயின. ஆனால் ஓவனுக்குள் இருந்த ஐந்தாவது ஜெட் வேறு சாதி. அதன் மரை இந்த நாட்டில் விற்கிற எதிலும் பொருந்தவில்லை. நானா அவிசாவளை போனார், கேகாலை போனார், பழைய சாமான் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கினார். கிடைக்கவில்லை. சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது.

வழி ஒன்று இருக்கிறது என்று அவருக்கே தெரியும். அந்தப் பொறந்த ஜெட்டின் துளையை அடைத்து, நடுவில் வேறு சின்னத் துளை போடுவது. பிலோமினா அதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏலாது தங்கச்சி" என்றார். "பொறந்ததுல நான் கை வைக்கிறல்ல. அத அடைச்சா இந்த அடுப்பு திரும்ப அந்த கேஸுக்குப் போகவே ஏலாது."

"அந்த கேஸ் இந்த நாட்லயே இல்லீங்களே நானா."

"இண்டைக்கு இல்ல. நாளைக்கு வரும். இல்லாட்டி நீங்க திரும்பிப் போனா?"

"நான் போகாம இருக்கத்தான் இதைச் செய்யச் சொல்றேன்."

நானா ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"எண்ட வீட்டுக்காரி ஜித்தாவுக்கு வேலைக்குப் போனா. ரெண்டு வருஷம் எண்டு செல்லித்தான் போனா. மாவனல்லையில வீட்டுல அவட சாமான் ஒண்டையும் நான் அசைக்கல்ல. கோப்பை வச்ச எடத்துல கோப்பை. வாறவங்க வந்தா எல்லாம் அப்படியே ஈக்கோணும் எண்டு. பதினொரு வருஷம் அப்படியே வச்சீந்தன்."

"அப்புறம்?" என்றான் சவரிமுத்து.

"அவ வரல்ல."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.  இத்தனை பொட்டலங்களையும் மடித்து மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டிருக்கலாம், நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

பிலோமினாதான் பேசினாள். "நான் வந்துட்டேன் நானா" என்றாள். "எனக்குத் திரும்பிப் போற வழி வேணாம். அதை அடைச்சிக் குடுங்க."

நானா ஓவனுக்குள் தலையை விட்டு ஜெட்டைக் கழற்றினார். பொட்டலம் மடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஜெட் ஒன்றே ஒன்று. துளை ஒரு மயிரிழை பெரிதாகிவிட்டாலும் எல்லாம் போச்சு. எஹலியகொட பொற்கொல்லர் ஒருவரிடம் கொடுத்துப் பழைய துளையை வெள்ளி உருக்கி அடைத்தார். கல்லில் நூல் கோக்கத் துளை போடும் பட்டறையில் புதுத் துளை போட்டார். அந்தப் பட்டறைக்காரர் அன்று பஸ் நிலையத்தில் நானாவை மடக்கிய கல் வியாபாரிகளில் ஒருவர். இந்த முறையாவது கல்லைக் காட்டப் போகிறார் என்று ஆசையோடு கையை நீட்டியவருக்கு, பித்தளைத் திருகைப் பார்த்ததும் முகம் தொங்கிப் போயிற்றாம்.

முதல் துளையை நானா வேண்டுமென்றே சிறிதாகப் போட்டார். ஓவனுக்குள் நீலமாக ஒரு சுவாலை வந்தது, ஆனால் பலமில்லை. பாண், அதாவது ரொட்டித் துண்டு ஒன்றை உள்ளே வைத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளையாகப் போனது வெள்ளையாகவே வந்தது. திரும்ப எஹலியகொட. அடுத்த முறை பாணில் ஒரு பக்கம் மட்டும் நிறம். "இன்னும் கொஞ்சம் பெருசாக்கினா என்னாங்க?" என்று சவரிமுத்து அவசரப்பட்டான். நானா அவனுடைய அரை மீசையைப் பார்த்தார். அவன் வெளியே போய்விட்டான்.

வியாழக்கிழமை ஏஜென்சிக்காரர் போன் பண்ணி, கடவுச்சீட்டை எடுத்து வைக்கச் சொன்னார். பிலோமினா எடுத்து மேசையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை நானா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அன்று ஒபிஸில் நான் கூட்டிய கணக்கெல்லாம் பிழை, தோட்டத்தை நடத்தும் தொரையிடம் ஏச்சும் வாங்கினேன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதல் நாள் முழுக்க எஹலியகொடப் பட்டறையிலேயே கிடந்தாராம், சவரம் பண்ணவில்லை. ஜெட்டை மாட்டினார், சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்தார், காற்று வரும் வழியைத் திருகிச் சரி பண்ணினார். பிறகு எழுந்து இரண்டடி பின்னால் நின்றார்.

"தங்கச்சி" என்றார். "பத்த வைங்க."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிலோமினா பற்ற வைத்தாள். ஓவனின் அடியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நீலமாக ஓடிப் பிடித்தது. ஒரு மஞ்சள் நாக்குக் கூட இல்லை. அவள் முதல் நாளே ஆயத்தம் பண்ணி வைத்திருந்த மாவைத் தட்டில் ஊற்றி உள்ளே தள்ளினாள்.

"இது வெறும் பட்டர் கேக் நானா. நத்தார் கேக்ல பிராந்தி போடுவோம். இதுல ஒண்ணும் இல்ல, நீங்க சாப்பிடலாம்."

சுவாலை நீலமாகி, தேநீர் குடித்ததும் கிளம்பிவிடுகிற மனிதர் அன்று கிளம்பவில்லை. ஒரு பலகைக் கட்டையை இழுத்து ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் பின்னால் நின்றோம். உள்ளே மாவு மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. சினிமாக் கொட்டகையில் கூட அவ்வளவு அமைதியாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

மேசையில் போன் அடித்தது. பிலோமினாவின் கையெல்லாம் மாவு. சவரிமுத்து போனை எடுத்து அவள் காதில் பிடித்தான். 

"ஆமாங்க, பிலோமினாதான்... இல்லீங்க. நான் வரல்ல... இல்லீங்க, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... எனக்கு இங்க வேலை இருக்குங்க."

நானா திரும்பிப் பார்க்கவில்லை. "கதவத் தொறக்காதீங்க, இன்னும் பத்து நிமிஷம்" என்று கேக்கைப் பார்த்தே சொன்னார்.  

இது நடந்து இரண்டு நத்தார் போய்விட்டது. நானாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை, தோட்டத்து ஏற்றம் ஏற முடியாது. ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் இருந்த இடத்தில் இருந்தே, வருகிற அடுப்புகளையும் மனிதர்களையும் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் சனிக்கிழமைகளில் பஜாருக்குப் போகும்போது ஒரு பர்னரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவேன். அதில் ஒரு கோளாறும் இருக்காது. அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, இதைக் கழற்றிய விதமே பிழை என்பார். எல்லாம் ஏசி முடித்து, பர்னரைத் திரும்பக் கடதாசியில் சுற்றித் தரும்போது, என்னைப் பார்க்காமலே கேட்பார்:

"மேல் லயத்துத் தங்கச்சி ஈக்காவா?"

சுவாலை எப்படி, ஓவன் எப்படி என்று அவர் கேட்பதே இல்லை.

"இருக்காங்க நானா" என்பேன். இந்த இரண்டு சொல்லை அவரிடம் சொல்வதற்காக, எந்த மழையிலும் நான் மலையிறங்கிப் போகிறேன்.